தம்பியின் நெற்றிப்பொட்டில் நான் கேட்டது

என் தம்பியின் வலது கண் பார்வை போனதற்குக் காரணம் நான். பொறாமை... வேறொன்றும் இல்லை!

நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள். ஒரே வள்ளம், ஒரே கடல். ஒரு முங்கலுக்கு நான் இரண்டு சங்கோடு ஏறினால் செல்வின் ஐந்தோடு ஏறுவான். "ஏலே, தம்பி சங்கை அள்ளிட்டு வாரான், அண்ணன் மண்ணை அள்ளிட்டு வாரான்" என்று வள்ளமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்! கூடப் பிறந்தவனிடம் எரியலாமா என்று கேட்காதீர்கள். எரிந்தது.

ஒருநாள் வள்ளம் குலுங்கியதில் நங்கூரக் கம்பி அவன் கன்னத்தில் அடித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு வாரத்தில் வலது கண் சிவந்து பிதுங்கியது.

"அண்ணே, தலைக்குள்ள உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம். கொஞ்சம் காத வச்சுக் கேளேன்" என்றான்.

காது, கண் கோளாறு என்றால் எங்களில் மூத்த குளியாளி சொல்வதுதான் முடிவு. அந்த மூத்தவன் நான்.

அவன் நெற்றிப்பொட்டில் காதை வைத்தேன். கேட்டது... நாடித்துடிப்போடு சேர்ந்து, தெளிவாக! தண்ணீர் அடைத்த காதின் இரைச்சல் அடுத்தவனுக்குக் கேட்காது. அது எனக்குத் தெரியாதா?

"எனக்கு ஒண்ணும் கேக்கலலே. தண்ணி அழுத்தந்தான். ரெண்டு மாசம் முங்காம கரையில கெட, சரியாயிரும்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் குணமாகிச் சீக்கிரம் திரும்பிவிடுவானே! இரண்டு மாதம்... இரண்டே மாதம் வள்ளத்தில் நான் முதல் ஆளாக இருக்க நினைத்தேன். இருந்தேன். பாவி, எனக்கு அது இனித்தது!

பார்வை மங்கிய பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். அடிபட்டதில் மண்டைக்குள்ளே ரத்தக்குழாய் கிழிந்து, பக்கத்து நாளத்தோடு தவறாக இணைந்துவிட்டதாம். அந்த அழுத்தமெல்லாம் கண்ணில் ஏறியிருந்ததாம். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு அந்தக் கிழிசலை அடைத்தார்கள். சத்தம் நின்றது. பார்வை திரும்பவில்லை.

"சத்தம் கேட்ட அன்னைக்கே வந்திருக்கலாமேப்பா?" என்று டாக்டர் அதட்டினார்.

"எங்க அண்ணனுக்குக் கேட்டிருந்தா அன்னைக்கே தூக்கிட்டு வந்திருப்பான் சார்" என்றான் செல்வின்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

இப்போது அவன் முங்குவதில்லை. வள்ளத்தில் உட்கார்ந்து எனக்குக் கயிறு பிடிக்கிறான். யார்மீதும் ஒரு குறை சொன்னதில்லை. "செல்வின் மனசு யாருக்கு வரும்?" என்கிறார்கள் கரையில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அதைக் கேட்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது!