கை தூக்கினால் நிற்கும் வண்டி

பெலிசியாவின் வண்டியில் சார்ஜ் மீட்டர் நூறு காட்டியது. அந்த நூறை அவள் நம்பவில்லை. புதிதில் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடிய வண்டி, மூன்று வருஷத்தில் ஐம்பதுக்கு வந்துவிட்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து.

வண்டி விற்ற கடைக்காரர் வைத்த பந்தயம். அவரிடம் ஒரே மாதத்தில் வாங்கிய ஒன்பது மின்சார ஷேர் ஆட்டோக்கள். மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, வழியில் சார்ஜ் ஏற்றாமல், சிதம்பரம் வண்டிகேட்டுக்கு முதலில் வருகிற வண்டிக்குப் புது பேட்டரி. ஆள் கனத்துக்குப் பதிலாகப் பின்சீட்டில் நான்கு மணல் மூட்டைகள். மூட்டையை இறக்கினால் ஆட்டத்தில் கிடையாது.

பெலிசியா பதினோரு வருஷம் இறால் கம்பெனியில் ஓடு உரித்தவள். ஐஸ் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போனபோது டீசல் ஆட்டோ ஓட்டக் கற்றாள். பிறகு இந்த வண்டி. முதுநகருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் தினம் பதினாறு நடை ஓட்டியவள் இப்போது பத்துதான் ஓட்டுகிறாள். அதுவும் குறைந்தால் மறுபடி இறால்தான்.

"இன்னா யக்கா, மாதாகோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தியா?" பக்கத்து வண்டியிலிருந்து உத்திராபதி கேட்டான். அவளோடு ஒரே ஸ்டாண்டில் ஓட்டுகிறவன்.

"ஏத்துனேன். நீ எங்கயும் கவுந்துடக் கூடாதுன்னு."

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொடி இறங்கியது. பந்தயம் முடியும்வரை சிதம்பரம் போகும் பக்கத்தில் பஸ்களை நிறுத்தியிருந்தார்கள்.

ஆலப்பாக்கத்தில் சாலையோரம் கூட்டம். உற்சாகத்தில் நாலைந்து பேர் கையைத் தூக்கி ஆட்டினார்கள். பெலிசியாவின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி ஓரங்கட்டி நின்றது. முன்னால் போன மூன்று வண்டிகளும் அப்படியே நின்றிருந்தன.

"ஏம்மா நிக்கிற? போ, போ!" என்று கூட்டம் கத்தியது.

நின்ற வண்டியை மணல் கனத்தோடு மறுபடி கிளப்பியதில் ஒரு எண் குறைந்தது. இன்னும் இரண்டு ஊரில் இதே கதை. அதன் பிறகு அவள் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

புதுச்சத்திரத்தில் நாற்பத்தொன்று. வேகமாகப் போன இரண்டு வண்டிகள் அதைத் தாண்டியதும் படுத்துவிட்டன. பி.முட்லூரில் பதினேழு. முன்னால் உத்திராபதி மட்டும் இருந்தான். வெள்ளாற்றுப் பாலத்து ஏற்றத்தில் அவன் வேகத்தைக் குறைத்தான். அவள் குறைக்காமல் அவனைத் தாண்டினாள்.

"நடுரோட்ல நின்னுரும் யக்கா!"

"நின்னா தள்ளிக்கினு போறேன்."

பாலத்தை இறங்கும்போது ஒன்பது. இன்னும் நாலு கிலோமீட்டர். எட்டு. ஏழு. உள்ளங்கை வேர்த்து கைப்பிடி வழுக்கியது. புடவையில் ஒரு கையைத் துடைத்தாள். துடைத்த கையைத் திரும்ப வைக்கும் நேரத்தில் கண் இடப்பக்கம் போய்விட்டது.

கீரைக் கூடையுடன் ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

வண்டி நின்றது.

"ஒரு மணி நேரமா ஒரு பஸ்ஸக் காணோம்" என்றபடி அவள் ஏறி, கூடையை மடியில் வைத்து மூட்டை மேலேயே உட்கார்ந்தாள். "மார்க்கெட்டு போவுமா?"

இறங்கு என்று சொல்ல பெலிசியா வாயைத் திறந்தாள். ஏறிய ஆளை அவள் ஒருநாளும் இறக்கிவிட்டதில்லை. உத்திராபதியின் வண்டி சத்தமில்லாமல் கடந்து போனது.

"கம்பியப் புடிச்சிக்க" என்றாள்.

ஐந்து. நான்கு. அவன் வண்டியின் பின்பக்கம் நெருங்கி வந்தது.

"ஏம்மா இப்படி ஓட்டுற? கீரதான், பாலு இல்ல, திரிஞ்சிடாது."

மூன்று காட்டியதும் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. முழுக்கத் திருகினாலும் சைக்கிள் வேகம்தான். முன்னால் அவன் வண்டியும் அப்படித்தான் ஊர்ந்தது. இடைவெளி நாலு வண்டி நீளம். பிறகு மூன்று. வண்டிகேட்டில் கட்டியிருந்த ரிப்பனை உத்திராபதி வண்டியின் முன்கண்ணாடி அறுத்தபோது இடைவெளி ஒரு வண்டி நீளம்.

கீரைக்காரி இறங்கிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மாலையைக் கழற்றாமலே உத்திராபதி வந்தான். சிரிக்கவில்லை.

"முட்லூர்ல ஒரு அம்மா எனக்கும் கையத் தூக்குச்சி யக்கா. நான் கண்ண மூடிக்கினேன்."

"ஓட்டறப்பவா?"

"ஓட்டறப்பதான்."

பெலிசியா சார்ஜர் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்து டீக்கடையில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று கேட்கப் போனாள். வீட்டுக்குத் திரும்ப நாற்பத்தைந்து கிலோமீட்டர்.