போகிறவர்களை எங்கே என்று கேட்ட பாடம்

எழுபத்திரண்டாம் வயதில் யுகேஜி வகுப்பில் முதல் மாணவியாகத் தேறியவள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்திதான். தேனி மாவட்டம் முழுக்கச் சலித்தாலும் இன்னொருத்தி கிடைக்கமாட்டாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். வகுப்பில் என்னைத் தவிர வேறு பிள்ளை கிடையாது. வகுப்பு நடந்ததும் என் வீட்டு அடுப்படியில்தான். ஆனாலும் இந்த மே மாதம் நான் பட்ட பாட்டுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டாமா?

எனக்கு டீச்சராக வாய்த்தவள், என் வீட்டு மாடியில் குடியிருக்கும் வேல்விழி. காமயகவுண்டன்பட்டியில் பிறந்து, அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறான். இவள் கல்யாணமான நாளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஜீப்புக்குள் எத்தனை பேரை அடைக்கலாம் என்பதை எங்கள் ஊர் டிரைவர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்கார்ந்து கொண்டைஊசி வளைவு ஏற வேண்டும். அந்த மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. முடித்தாள்.

போன வருஷம் உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆயாம்மாவாகச் சேர்ந்தாள். மூக்குத் துடைப்பது, ஷூ மாட்டிவிடுவது, டிபன் டப்பாவைத் திறந்து கொடுப்பது. சம்பளம் ஏலத்தோட்டத்தைவிடக் குறைவு. ஆனால் தரையில் நின்று செய்கிற வேலை. இந்த ஏப்ரலில் யுகேஜி டீச்சர் வேலையை விட்டுப் போனதும் நிர்வாகம் இவளைக் கூப்பிட்டது. "சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற பயிற்சி நடக்கப் போகிறது. அதில் தேறினால் அந்த வகுப்பு உனக்கு. தேறாவிட்டால் உனக்கு வேலையில்லை, ஆயாம்மா வேலைக்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது" என்றார்கள். அதாவது ஜூன் மாதம் அவள் கையில் சாக்பீஸ் இருக்கும், அல்லது மறுபடியும் ஜீப். நடுவில் மூன்றாவது வழி கிடையாது.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் பிடித்திருந்தார்கள். பந்தி வரிசையில் பெண்கள் உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கைதட்டினார்கள். கைதட்டுவதிலும் இங்கிலீஷ் இருக்கிறதாம். மழைக் கைதட்டல், பட்டாம்பூச்சிக் கைதட்டல், தோசைக் கைதட்டல். பிள்ளை சரியாக 'ரெட்' என்று சொல்லிவிட்டால் தோசையைத் திருப்பிப் போடுகிற மாதிரி கையைத் திருப்பித் தட்ட வேண்டும். தப்பாகச் சொன்னால் என்ன தட்டுவது என்று கேட்டேன். தப்பே கிடையாதாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆற்றாமை. நான் படித்த காலத்தில் எங்களுக்குத் தப்பைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் சார்ட் பேப்பர், ஐஸ்குச்சி, பசை, ஜிகினா. மாடியில் இடம் போதவில்லை என்று என் அடுப்படிக்கு இறங்கிவிட்டாள். ரசத்தில் ஜிகினா மிதந்தது. அதையும் குடித்தேன்.

"பெரியம்மா, சிரிங்க."

"எதுக்குடி?"

"பாடும்போது சிரிச்சுக்கிட்டே பாடணுமாம். மேடம் சொன்னாக."

"காலையில பால் திரிஞ்சுபோச்சு. நான் எங்கிட்டுச் சிரிக்க?"

"பிள்ளைக இப்படியெல்லாம் எதுத்துப் பேசாதுக."

"நீ பெத்த பிள்ளைய வச்சுச் சொல்லுறியா, ஊரான் பிள்ளைய வச்சுச் சொல்லுறியா?"

அந்த மேடம் பெயர் பிரின்சி. அயலூர்க்காரி இல்லை, பக்கத்து ராயப்பன்பட்டிக்காரிதான். பெங்களூரில் படித்து, அங்கேயே பல வருஷம் பள்ளியில் இருந்துவிட்டு, இப்போது ஊர் ஊராகப் பயிற்சி நடத்துகிறாள். கெட்டிக்காரி, நேர்மையானவள் என்றுதான் வேல்விழி சொன்னாள். எனக்கு ஒத்துவராதது அவளுடைய அட்டைக் கிளி. கூடத்துக்குள் யாராவது ஒரு தமிழ் வார்த்தை பேசிவிட்டால் பச்சை அட்டையில் வெட்டிய கிளியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆள் தமிழ் பேசி மாட்டுகிற வரைக்கும் கழற்றக் கூடாது. ஒருநாள் வேல்விழி அந்தக் கிளியோடேயே டவுன் பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். கண்டக்டர் கிளிக்கு அரை டிக்கெட் கேட்டார் என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறேன். அவர் கேட்டது "என்ன ஆத்தா, ஜோசியமா?" என்று மட்டும்தான்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், இதே பெண் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசரோடு மலையாளத்தில் சண்டை போடுவாள். யார் கற்றுக்கொடுத்தது? எந்தக் கிளியைக் கழுத்தில் கட்டினார்கள்? எடை போடும்போது ஏமாற்றினான், இவளுக்கு மலையாளம் வந்துவிட்டது. இங்கிலீஷும் புத்தகத்தில் வாசிப்பாள், எழுதுவாள், பிள்ளைகளிடம் கூசாமல் பேசுவாள். ஆனால் பிரின்சி மேடம் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மேடம் கேட்பதற்கு யெஸ், நோ என்பதோடு சரி. தானாக வாயைத் திறந்து அவளிடம் ஒரு வாக்கியம் பேசினதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

கடைசி நாளில் ஒவ்வொருத்தியும் நிஜப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிரின்சி பின்னால் உட்கார்ந்து பார்த்துத் தேறினாளா இல்லையா என்று சொல்வாள். வேல்விழிக்கு விழுந்த பாடம் சந்தைப் பாடம். ஒரு பிள்ளை கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். மற்ற பிள்ளைகள் "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்க வேண்டும். "ஐ ஆம் கோயிங் டு தி மார்க்கெட்" என்று அது சொல்ல வேண்டும். பிறகு தக்காளி, கத்தரிக்காய். அவ்வளவுதான் பாடம்.

ஒத்திகைக்கு என் கையில் ஒயர் கூடையைக் கொடுத்து நடக்கச் சொன்னாள். நடந்தேன். வாசலைத் தாண்டக் காலைத் தூக்கினேன். பின்னாலிருந்து "வேர் ஆர் யூ கோயிங்?" என்றாள்.

கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன பெரியம்மா?"

"போறவள எங்க போறேன்னு கேக்குறியே, போன காரியம் விளங்குமா? ஒரு செம்பு தண்ணி கொண்டா."

எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டுமென்றால் "என்ன, தூரமா?" என்று சுற்றிவளைத்துக் கேட்போம். வாய் தவறி யாராவது கேட்டுத் தொலைத்தால், புறப்பட்டவர் வீட்டுக்குள் திரும்பி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, புதிதாகப் புறப்படுகிற மாதிரி புறப்பட வேண்டும். கோர்ட்டுக்குப் போகிறவரும் இப்படித்தான், கறி வாங்கப் போகிறவரும் இப்படித்தான்.

வேல்விழி விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்குப் புத்தி இங்கனயே நிக்குது பெரியம்மா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது? அதுக செல்போன்ல பிறந்ததுக."

"எதுக்கும் உங்க மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைடி."

சொல்லத்தான் போயிருக்கிறாள். கூடத்துக்குள் தமிழ் கூடாது. சகுனத்துக்கு இவளிடம் இங்கிலீஷ் இல்லை. "மேடம், திஸ் கொஸ்டின்..." என்று ஆரம்பித்து, கையை ஆட்டி, உட்கார்ந்து காட்டி, எழுந்து காட்டியிருக்கிறாள். ஏதோ ஆக்‌ஷன் பாட்டு என்று நினைத்துக்கொண்டு பிரின்சி "வெரி நைஸ்" என்று பட்டாம்பூச்சிக் கைதட்டல் தட்டியிருக்கிறாள். இதற்கு யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பாடம் நடத்திக் காட்டியது உத்தமபாளையத்துப் பள்ளியில், அதே யுகேஜி அறையில். லீவிலிருந்த பிள்ளைகளை அதற்கென்றே வேனில் கூட்டி வந்திருந்தார்கள். நான் போகவில்லை. பள்ளி வேன் ஓட்டும் ஸ்டான்லி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்ததில் பாதி, நான் பார்க்காமலே பார்த்ததில் பாதி. ஆனால் விஷயம் சுத்தமான விஷயம்.

முதலில் கர்ணன் என்று ஒரு பயலைக் கூப்பிட்டாள். ஐந்து வயசு, பல் விழுந்த வாய். கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிற பெரிய மனுஷன் கணக்காகப் புறப்பட்டான். வேல்விழி கையை உயர்த்தினாள். வகுப்பே ஒரே குரலில், அட்சரம் பிசகாமல், "வேர் ஆர் யூ கோயிங்?" என்றது. பிரின்சிகூடத் தலையாட்டினாளாம்.

கர்ணன் நின்றான். திரும்பினான். கூடையை வைத்துவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"கர்ணா, ஆன்சர்?" என்றாள் வேல்விழி.

"வாட்டர், மிஸ்" என்றான்.

பாட்டிலை எடுத்து நிதானமாக நாலு மடக்குக் குடித்தான். வாயைத் துடைத்தான். மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது சொல்லிக் கொடுத்ததுதானே; மறுபடியும் ஒரே குரலில் "வேர் ஆர் யூ கோயிங்?"

"ஏலே! போறப்பக் கேக்காதீகலே!" என்று கத்திவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தான்.

அடுத்து பவானி என்ற பெண். கூடையை வாங்குவதற்கு முன்னாலேயே வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "எவனாச்சும் கேட்டீக, எங்க அப்பத்தாகிட்டச் சொல்லிருவேன்" என்றாள். கேட்டார்கள். உட்கார்ந்தாள். அவள் குடிப்பதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் பாட்டிலைத் திறந்தன. அறை முழுக்க மடக் மடக் சத்தம். சந்தைக்கு ஒருத்தரும் போய்ச் சேரவில்லை. வேல்விழி வெட்டி ஒட்டிய தக்காளியும் கத்தரிக்காயும் ஜிகினா மினுங்க மேசையிலேயே கிடந்தன.

பிரின்சி எழுந்து முன்னால் வந்தாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்திருக்கும். கேள்வியின் அர்த்தம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை; சேராதபோது தேறியதாக எழுத முடியாது; அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யலாம். அவ்வளவுதான். பைலை மூடி, கைப்பையைத் தோளில் மாட்டினாள். சாயங்காலம் தேனியில் அவளுக்கு வேறு கூட்டம்.

அடுத்த வருஷமாம். அடுத்த வருஷம் வரைக்கும் ஜீப்பில் யார் மடியில் உட்காருவது?

வேல்விழி கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிரின்சி வாசலுக்குப் போய்விட்டாள், ஒரு கால் வெளியே. அந்த நேரம் பார்த்து, தண்ணீர் குடித்துத் தெம்பாக உட்கார்ந்திருந்த கர்ணன் பயல், பள்ளிக்கூடமே கேட்கிற மாதிரி, "வேர் ஆர் யூ கோயிங், மேடம்?" என்றான்.

பிரின்சியின் வெளிக்கால் உள்ளே வந்தது.

பெங்களூர் எங்கே போயிற்றோ தெரியாது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். ஆனால் சகுனம் எந்தக் கோயிலிலும் பெயர் கொடுத்துச் சேருவதில்லை. திரும்பி வந்தாள். பிள்ளைகள் உட்காருகிற சிவப்புக் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள். கையை நீட்டி, "தண்ணி குடுங்க வேல்விழி" என்றாள். தமிழில்.

இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே விளங்கியிருக்கிறது. பாட்டிலைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், தண்ணீர் புரையேறிச் சிரித்தாள்.

"அடி ஆத்தா! கேள்வி புரியாமலா இம்புட்டுப் பேரும் உக்காந்தாக?" என்றாள். "எங்க அம்மா இருந்தா என்னைய முதல்ல ரெண்டு போட்டிருப்பாக. அன்னிக்கு நீங்க உக்காந்து உக்காந்து எந்திரிச்சது இதச் சொல்லத்தானா?"

வேல்விழி தலையாட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

எந்த வாயை, எந்த மொழியில் என்று நானாக இருந்தால் கேட்டிருப்பேன். இவள் கேட்கவில்லை. பிரின்சி பைலைத் திறந்து எழுதினதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். புறப்படும்போது, "இந்தப் பாடத்தை இனிமே சந்தையிலேருந்து திரும்பி வந்தவனக் கேக்குற மாதிரி மாத்திக்குவோம். வந்தவன என்ன வேணாலும் கேக்கலாம்" என்றாளாம். அவள் படியிறங்கித் தெரு திரும்புகிற வரைக்கும் அந்த அறையில் ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. ஜூனிலிருந்து யுகேஜி வேல்விழிக்கு.

இதை இதுவரைக்கும் எழுதி, நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மாடிப்படியில் உட்கார்ந்து ஏதோ ஒரு அட்டையை வெட்டிக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் கத்தரிக்கோல் நின்றது. முடித்ததும் கேட்டேன்.

"என்னடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற? கூட்டிச் சொன்னது அங்கன இங்கன இருக்கும். வெட்டணுமா?"

"மத்ததெல்லாம் இருக்கட்டும் பெரியம்மா. கர்ணன் கேட்டான்னு எழுதியிருக்கீகளே, அத மட்டும் மாத்துங்க."

"ஸ்டான்லி அப்படித்தான சொன்னான்?"

"அவன் ஜன்னலுக்கு அங்கிட்டுல்ல நின்னான், சத்தம் எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு அவனுக்கு என்ன தெரியும்?" கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "கர்ணன் அப்பப் பாட்டிலும் வாயுமா இருந்தான். மேடத்தக் கேட்டது நான்."