தலையில் பின் கூடாது

"…ஸ்காப் இருக்கட்டும், அக்கா, நான் அதைக் கேக்கேல்ல. ஸ்காப்பில குத்திற பின்னூசி ஒண்டும் தலையில இருக்கக் கூடாது. பந்துக்குப் பாயேக்க மற்றப் பிள்ளையின்ர கண்ணில குத்திப்போடும்."

இப்படிச் சொன்னவர் வலைப்பந்துப் போட்டிக்கு மத்தியஸ்தராக வந்திருந்த பேசாலை ஊர் ரீச்சர். மகளின் அணியோடு தாராபுரத்திலிருந்து போயிருந்த நான், அவர் சொன்ன நியாயத்தை விட்டுவிட்டு, அவர் சிரித்த சிரிப்பைத்தான் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு: சிரிச்சு வாற காற்றுத்தான் கூரையைத் தூக்கும். காலை ஆட்டத்தில் வேறொரு மத்தியஸ்தர் நகத்தைப் பார்த்தார், காப்பைக் கழற்றச் சொன்னார், தலைப் பக்கம் திரும்பவே இல்லை. இறுதி ஆட்டம் என்றதும் இந்தப் பின் கதை எங்கிருந்து முளைத்தது?

சோளகக் காற்றுப் பேயாக அடிக்கிற மாதம். தலையை மூடும் ஸ்காப்பில் நாடியின் கீழ், உச்சியில், தோளில் என்று நாங்கள் பின் குத்துவது அழகுக்கு அல்ல. அவற்றைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை மைதானத்தில் இறக்கினால் நாலு பாய்ச்சலுக்குள் ஸ்காப் கழுத்துக்கு வந்துவிடும். அது ரீச்சருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும் என்றே நினைத்தேன். ஸ்காப்பைக் கழற்று என்று வாயால் சொன்னால் நாளைக்கு ஆள் வந்து கேட்கும். காற்றைக் கொண்டு கழற்றுவித்தால் யார் போய் யாரைக் கேட்பது?

மகள் விளையாட அவளின் வாப்பா அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். ஆம்பிளையள் பார்க்க ஒருக்கா ஸ்காப் விழுந்தாலும் அன்றோடு பந்து முடிந்தது என்று சொல்லியே அனுப்பியவர். அவர் மதிலடியில் நிற்கிறார். பக்கத்தில் இரண்டு இளந்தாரிகள் போனைத் தூக்கிப் பிடித்தபடி. எதைப் படம் பிடிக்க இவ்வளவு ஆயத்தம் என்று அவர்கள் மேலும் எனக்குச் சந்தேகம். எங்கள் பயிற்றுநர் ரீச்சர், சட்டம் அப்படித்தான் என்று தலையாட்டினார். அவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

கோல் போடுகிறவள் என் மகள்தான். அவள் என் காதுக்குள், பின் இல்லாவிட்டால் தான் இறங்கப் போவதில்லை என்றாள். எதிர் அணியும் பேசாலைதான். தண்ணியும் மீனும் தனியாகக் கதைத்துக்கொள்ளும் என்பார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ரீச்சர், உங்கட பிள்ளைக்கெண்டா இப்பிடிச் சொல்லுவீங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். கைப்பையைத் திறந்து ஊசி எடுத்தார். அதில் கறுப்பு நூல் ஏற்கெனவே கோத்திருந்தது. அப்படியென்றால் இது முன்பே யோசித்து வைத்த வேலைதான் என்று என் மனம் இன்னும் இறுகியது.

மதிலுக்குத் தன் முதுகைக் கொடுத்து மகளை மறைத்து நின்றார். பின்களை ஒவ்வொன்றாக உருவி என் உள்ளங்கையில் போட்டார். தோலுக்கும் துணிக்கும் நடுவே தன் விரலை வைத்துக்கொண்டு நாடியின் கீழ் நெருக்கமாகத் தைத்தார். உச்சியில், ஸ்காப்புக்குள் போட்டிருந்த உள்தொப்பியோடு சேர்த்து இரண்டு தையல் பிடித்தார். தொங்கல்களை மேலங்கிக்குள் செருகிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

பிறகு, எல்லோரும் பார்க்க, ஸ்காப்பின் விளிம்பைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தார். மீன் வலை பொத்துகிறவர்கள் முடிச்சைச் சோதிக்க இழுப்பார்களே, அந்த இழுவை. எனக்கு உயிர் போய் வந்தது.

ஸ்காப் அசையவில்லை. ரீச்சர் மகளின் தோளைப் பிடித்து மைதானத்துக்குள் தள்ளிவிட்டு, விசிலை ஊதினார்.