தறி எண்ணெயும் ஏர் ஃபில்டரும்

குமாரபாளையத்தில் பஞ்சுத்தூசி அதிகம். அதனால் காரின் காகித ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, கழுவி எண்ணெய் பூசும் வகையை மாட்டியிருந்தேன். ஒருநாள் அதைக் கழுவிக் காயவைத்தேன். அதற்குரிய எண்ணெயை நான் வாங்கி வருவதற்குள், விசைத்தறி வைத்திருக்கும் மச்சான் தறி எண்ணெயைத் தாராளமாக ஊற்றி மாட்டிவிட்டார்.

மறுநாள் பவானி பாலத்தில் இன்ஜின் நின்றது. பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் பிரேக் அடித்தது. பின்சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியான மகள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்த்தேன்.

"ஃபில்டர்ல இருந்து வழிஞ்சு, காத்து அளக்கற சென்சார் பூரா எண்ணெய்ங்க" என்றார் மெக்கானிக்.

மச்சான் சிரித்தார். "தறி ஓடுது, காரு ஓடாதுங்களா மாப்ள?"

"உள்ள இருந்தது உங்க மருமவ. சிரிக்காதீங்க" என்று கத்திவிட்டேன்.

இப்போது காகித ஃபில்டர்தான். மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் டைரியில் ஏறுகின்றன. மச்சான் கேட்டால் கார் சாவி தருவதில்லை.