எழுபது டேக்கும் என் கூரையும்

ஓர் ஆங்கில வினைச்சொல்லால் என் வீடு மூன்று மாரிக்குக் கூரையில்லாமல் நின்றது. இத்தனை வருசம் கழித்து இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் ஆரையம்பதிப் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்ணுக்கென்று ஒரு வீடு கட்டி முடித்தால்தான் நாள் பார்ப்பார்கள். என் அப்பா தோணிக்காரருக்குக் கயிறும் வலைநூலும் விற்கும் கடை வைத்திருந்தார். எங்கள் வளவுக்குள்ளேயே எனக்குச் சுவர் எழுப்பி, நிலையும் யன்னலும் வைத்தார். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அப்பாவின் அக்கா மகன்தான். எனக்கு மச்சான். சுவர் ஏறி முடிந்த பிறகு அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மச்சான் அப்போது அரசாங்கக் கிளாக்கர் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

"உத்தியோகக் கடுதாசி கையில வரட்டும். அடுத்த நாளே ஓடு போடுறன்" என்று சொல்லிவிட்டார்.

மற்றப் பாடங்களை மச்சான் ஊதித் தள்ளிவிடுவார். ஆங்கிலத்தில்தான் ஆள் படுத்துவிடுவார். பக்கத்து ஊரில் ஒருவர் முந்தின வருசம் தேறியிருந்தார். அவர் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, "இங்கிலீசில டேக் எண்டு ஒரு சொல் இருக்கு, எடுக்கிறது எண்டு. அத முழுக்கப் படிச்சவன் பாஸ்" என்றாராம். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சோதனைக்குப் போகிற அத்தனை பேரும் அன்றிலிருந்து டேக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் மட்டக்களப்பில் ஒரு பிரக்கிராசியார், அதாவது வக்கீல், வீட்டு அகராதியை இரவல் வாங்கி வந்து, அந்தச் சொல்லுக்கு இருந்த எழுபதுக்கு மேற்பட்ட அர்த்தங்களையும் ஒரு கொப்பியில் எழுதினார்.

கொப்பியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் நகரத்தில் மிஷன் பாடசாலையில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். ஆங்கிலத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவள். பெரியபிள்ளையானதும், "காணும் படிச்சது" என்று அப்பா நிறுத்திவிட்டார்.

பின்னேரத்தில் மச்சான் விறாந்தைக் கதிரையில் இருப்பார். நான் அறைக்கதவுக்குப் பின்னால். அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் மீன் வெட்டிக்கொண்டிருப்பாள்.

"மருந்து குடிக்கிறது?"

"டேக்."

"படம் பிடிக்கிறது?"

"டேக்."

"பிளேன் மேல எழும்புறது?"

"டேக் ஆஃப்."

"சட்டையக் கழட்டுறது?"

"அதுவும் டேக் ஆஃப்."

"தாயப் போல இருக்கிறது?"

மச்சான் முகட்டைப் பார்ப்பார்.

"டேக் ஆஃப்டர், மச்சான்! நேத்தும் இதிலதான் விழுந்தீங்க."

கலியாணம் முடிப்பதற்கும் அதே சொல்தான். அதை மட்டும் மனுசன் ஒரு நாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. "நம்மட ஊரில ஆம்பிள பெண்ண எடுத்துக்கிட்டுப் போறதில்ல, உடுப்புப் பெட்டியோட வந்து சேருறவர். அதான் இது உங்கட மண்டையில ஏறுதில்ல" என்பேன். அம்மா வெட்டுகிற கையை நிறுத்திவிட்டு என்னை முறைப்பாள்.

அகராதியில் அந்தச் சொல்லின் பிறப்பும் பொடி எழுத்தில் இருந்தது. மச்சான் அதைக் கொப்பியில் எழுதவில்லை, சோதனைக்கு வராதாம். நான் அகராதியையே வாங்கிப் பார்த்தேன். டேக் ஆங்கிலேயருடைய சொந்தச் சொல்லே அல்ல! வடக்கேயிருந்து கப்பலேறி அடிக்க வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. அதற்கு முன்னால் இவர்களுக்கு எடுப்பதற்கென்று வேறு ஒரு வினைச்சொல் இருந்திருக்கிறது. வந்தது நிலைத்து, இருந்தது செத்துப்போயிற்று. கை கால் மரத்துப்போவதற்கு 'நம்ப்' என்கிறார்களே, அதில் மட்டும் அந்தப் பழைய சொல்லின் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிப்போய் மச்சானிடம் சொன்னேன்.

"அதெல்லாம் உனக்கு என்னத்துக்குகா? நாப்பதாவதக் கேளு" என்றார். கொப்பியை அவர் முகத்தில் எறிந்துவிடலாம் போல இருந்தது.

முதல் சோதனை எழுதிவிட்டு முகம் தொங்கி வந்தார். ஒரு பந்தியைச் சுருக்கச் சொன்னார்களாம். லீவு கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்களாம். "டேக் வரவே இல்ல புள்ள."

"அப்ப என்னத்த எழுதினீங்க?"

"கடிதத்துக்குள்ள ஒரு இருபது டேக்கப் போட்டுப் பாத்தன்."

என்ட கடவுளே! தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மாரியில் என் வீட்டுச் சுவர் ஒரு பக்கம் கரைந்தது. அம்மா தென்னோலைக் கிடுகு போட்டு மூடினாள். அடுத்த வருசம், "இந்த முறை கட்டாயம் வரும்" என்று மறுபடியும் அதே கொப்பி. வரவில்லை. என் வீட்டுக்குள் ஆடு குட்டி போட்டது. என்னோடு படித்தவள் ஒருத்தி இரண்டாவது பிள்ளையோடு வந்து, "இன்னும் ஓடு போடல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது வருசம் கொப்பியை எடுத்து அரிசிப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன். "நாளைக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. நான் திருத்தித் தாறன்" என்றேன். மச்சானுக்குக் கோபம் வந்தது, ஆனாலும் எழுதினார். சிவப்புப் பென்சிலால் கீறிக் கீறித் திருத்தினேன். அந்த வருசம் தேறினார்.

உத்தியோகக் கடுதாசி வந்த அன்று மச்சான் அதைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "வாசி மகள்" என்று என்னிடம் நீட்டினார். நான் வாசித்து, வாசித்து, தமிழில் சொன்னேன். கடிதத்தின் கடைசிப் பந்தியைச் சொல்லாமல் விழுங்கியிருக்கலாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அதையும் சொல்லித் தொலைத்தேன். மூன்று வருசத்துக்குள் சிங்களத்தில் தேறவேண்டும், தேறாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. அரசாங்க மொழி சிங்களம் மட்டும்தான் என்று சட்டம் வந்து சில வருசமாகியிருந்தது. டேக்கைக் கட்டிக்கொண்டு அழுததில், அந்தச் சட்டம் எங்கள் வளவுக்குள்ளும் வரும் என்று நாங்கள் நினைக்கவேயில்லை.

அப்பா தாடையைத் தடவினார். "அப்ப அதையும் பாஸ் பண்ணட்டும். மறுகா ஓடு போடுவம்."

மச்சான் அடுத்த பின்னேரம் புதுக் கொப்பி ஒன்றோடு வந்தார். முதல் பக்கத்தில் சிங்கள எழுத்துகள் உருண்டை உருண்டையாக இருந்தன. "கேள்வி கேளு புள்ள" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ தெரியாது. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆடுகளை விரட்டிவிட்டு, அந்தக் கூரையில்லாத வீட்டுக்குள் போய் இருந்துகொண்டேன். "இண்டையிலிருந்து நான் இங்கதான். மழ பெஞ்சாலும் இங்கதான்" என்று கத்தினேன். அம்மா ஐயோ என்று ஓடிவந்தாள். அப்பா கடையிலிருந்து வந்து வாசல் நிலையில் நின்று அதட்டினார். நான் முதலாவதிலிருந்து தொடங்கினேன். மருந்து குடிக்கிறது டேக். படம் பிடிக்கிறது டேக். இடம் பிடிக்கிறது, நேரம் எடுக்கிறது, ஏமாத்துறது, மனதில வச்சுக்கொள்ளுறது. அழுதுகொண்டே எழுபதையும் சொன்னேன். வேலிக்கு வெளியே சனம் கூடிவிட்டது.

"என்னடா சொல்றாள் இவள்?" என்று அப்பா மச்சானைக் கேட்டார்.

"மூணு வருசமா நான் படிச்சத, மாமா" என்றார் மச்சான். "ஒண்டும் பிழையில்ல."

அப்பா என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல், உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்: "அப்ப சோதனைக்கு நீ ஏன் மகள் போகல்ல?"

"எட்டாம் வகுப்போட நிப்பாட்டினது நீங்கதானே அப்பா."

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் காலையில் வண்டியில் ஓடு வந்து இறங்கியது. அந்த மாதமே கலியாணம் நடந்தது. மச்சான் சிங்களத்தில் தேறாமல் மூன்றாம் வருசம் வேலையை விட்டு வந்து அப்பாவின் கடையில் இருந்தார். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

வருத்தம் வேறு. நீ ஏன் சோதனைக்குப் போகவில்லை என்று கேட்ட அன்று, அப்பா இருந்த நிலையில் நான் எதைக் கேட்டிருந்தாலும் தந்திருப்பார். நான் கூரையைத்தான் கேட்டேன். வேறு ஏதும் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.