முதுகுப் பக்கத் தையல்

சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தையில் பெட்ரோனா தைத்த பைகள்தான் முதலில் விற்றுத் தீரும். எங்கள் ஊர்ப் பெண்கள் தறியை இடுப்பில் வாரால் கட்டி நெய்து உடுத்தும் விபீல் சட்டைகளைப் பழசாக வாங்கி, துவைத்து, வெட்டிப் பையாக்குவாள். வெட்டத் தயங்கமாட்டாள். “துணிக்கு அழுதா உலை கொதிக்குமா?” என்பாள்.

அன்றும் அப்படித்தான் வெட்டினாள். நிறம் வெளுக்காமலிருக்க, எல்லோரையும் போல உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் காயப்போட்டிருந்தாள். அடையாளக் கோடும் உள்பக்கத்தில்தான் போடுவாள். நான்காவது சட்டையை மடித்துப் போட்டு, மார்புக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக வெட்டித் திருப்பினாள். ஒரு சிறகு மட்டும் சிவப்பான பறவை. அவளைப் பெற்ற செபஸ்தியானாவின் கைவேலை.

செபஸ்தியானா தன் சாவுக்கென்று நெய்து பெட்டியில் வைத்திருந்த சட்டை அது. பார்வை மங்கியவள், பூச்சி அரிக்குமே என்று தடவித் தடவி எடுத்துவந்து, அதே கொடியில் அவளும் திருப்பியே போட்டிருக்கிறாள். நாலு பக்கமும் கரையோடு தறியிலிருந்து இறங்கிய துணி. கத்திரி படாத துணியோடு போகவேண்டும் என்பதுதான் கிழவியின் ஒரே ஆசை.

புதிதாக நெய்ய ஐந்து மாதம் வேண்டும். கிழவிக்கோ நாளுக்கு ஒரு வாய் சோளக்கஞ்சிதான் இறங்குகிறது. பெட்ரோனா மிஷினை மூடிவிட்டு, இரண்டு நாள் கையாலேயே இழைக்கு இழை சேர்த்துத் தைத்தாள். பார்க்கிற கண்ணுக்குத் தையல் தெரியவில்லை. ஆனால் செபஸ்தியானா கண்ணால் பார்ப்பவள் இல்லையே.

வெள்ளிக்கிழமை அவளே கேட்டாள்.

“ஏண்டி, என் சட்டையை எடு. ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கறேன்.”

“இப்ப எதுக்கும்மா? தூங்கேன்.”

“செத்தப்புறமா தொடுவேன்? எடுடி.”

விரல்கள் கரையில் ஓடின, பறவைமேல் ஏறின, மார்புக்கு நேரே நின்றன.

“கத்திரி பட்டுடுச்சா?”

“தெரியாம வெட்டிட்டேம்மா. நீ கொடியில போட்டது எனக்குத் தெரியாதும்மா.”

கிழவி மகள் தலையைத் தேடித் தொட்டாள்.

“அழாதடி. இந்தப் பக்கத்தை முதுகுக்குப் போட்டு உடுத்திவிடு. அங்க எங்கம்மா எதிர்ல வந்து நிப்பா. முன்னாடி தையலப் பாத்தா மனசு ஒடைஞ்சிடுவா.”

“சரிம்மா” என்றாள் பெட்ரோனா. வேறு என்ன சொல்வாள், பாவி? மடித்து வெட்டிய துணி அது. முன்னாலும் தையல், முதுகிலும் தையல்.