தையல் மேசைக்கு அடியில்

மஞ்சள் வீட்டின் தலைவாசல் கதவு எங்கே இருக்கிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். டெய்லரக்கா கடையில், நான்கு கால்களின் மேல் குப்புறக் கிடந்தது. அதன் மேல்தான் அவள் துணி வெட்டுவாள். வீட்டைச் சீர்படுத்தும் பேச்சு எழுந்ததும் ஒரு விரிப்பைப் போட்டு மூடிவைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் யார் இருக்கிறார்கள்?

அது சாதாரண வீடில்லை. ஊரில் பெண்பிள்ளைகளுக்கென்று முதல் பள்ளிக்கூடம் நடந்தது அங்கேதான். பிறகு வாரிசுகள் வழக்குப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போக, வீடு கேட்பாரற்றுக் கிடந்தது. கேட்பார் இல்லையென்றால் எடுப்பாருக்கா பஞ்சம்? சன்னல் கதவு, தரை ஓடு, மாடிப்படிக் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகக் கால் முளைத்துப் போயிற்று.

இப்போது தெருவே சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தக் கிளம்பியிருந்தது. முன்னால் நின்றவர் மருந்துக்கடைக்காரர். கொத்தனார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் வந்தார்கள். கையில் தொழில் இல்லாதவர்கள் குப்பை அள்ளினார்கள். வீட்டுப் பொருள் யாரிடம் இருந்தாலும் முற்றத்தில் வைத்துவிட்டுப் போகலாம், ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிவைத்தார். இஸ்திரிக்காரர் இரண்டு சன்னல் கதவுகளைக் கொண்டுவந்து போட்டார். பேக்கரிக்காரர் மாடிப்படிக் கைப்பிடியைத் தோளில் சுமந்துகொண்டு பட்டப்பகலில் வந்தார். ஏதோ பரிசு வாங்கி வந்தவரைப் போல அவரை எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

டெய்லரக்காவுக்கு இதுதான் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கதவை அவள் புருஷன் பழைய சாமான் கடையில் காசு கொடுத்து வாங்கினார். அவள் குள்ளம். அவள் இடுப்புக்கு அளந்து, கால்களை அறுத்துப் பொருத்தியவரும் அவரே. பூவேலை செய்த பக்கம் மேலே இருந்தால் கத்தரிக்கோல் இடறும் என்று அதைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து மாட்டினார். மறு வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். திருடினவனுக்குத் திருப்பிக் கொடுப்பது சுலபம், கூடவே நல்ல பேரும் கிடைக்கிறது. விலைக்கு வாங்கினவளுக்கு என்ன கிடைக்கும்?

நேராகக் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் திடீரென்று தெருவில் எல்லோர் சட்டையிலும் பொத்தான் அறுந்துபோக ஆரம்பித்தது. தைக்கக் கொடுத்துவிட்டு, மேசை ரொம்பப் பழசோ என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள்கூட, பலகைதானே, கொடுத்துவிடும்மா என்றாள். மேசை போனால் என் இடுப்பும் சேர்ந்து போய்விடும் என்று சொல்லி ஃபோனை வைத்தாள் டெய்லரக்கா. அது பாதி உண்மை. புருஷன் கையால் செய்ததில் அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

கடைசியில் தச்சர் வந்தார். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷன். கதவு வேண்டாம், அதே மாதிரி புதிதாக ஒன்று செய்வதற்கு மரம் வாங்கியாயிற்று, பூவேலையை மட்டும் பார்த்து வரைந்துகொள்ள வேண்டும் என்றார். பிறகு பழையபடி மாட்டிக் கொடுத்துவிடுவாராம். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

மருந்துக்கடைக்காரரும் இஸ்திரிக்காரரும் கைகொடுக்க, கதவைக் கழற்றி நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள்.

செதுக்கிய பூக்களுக்கெல்லாம் நிறம் பூசியிருந்தது. நீலம், சிவப்பு, மஞ்சள். துணியில் கோடு போடும் சாக்கட்டியின் நிறங்கள். கை எட்டிய இடமெல்லாம் இதழ் இதழாக, கோடு தாண்டாமல் தீட்டியிருந்தது. கீழ் ஓரத்தில், பூ இல்லாத வெற்றுப் பலகையில், தையல் மெஷினின் மிதிமேல் இரண்டு கால்களை வரைந்திருந்தது. வலது கால் செருப்பின் வாரில் ஒரு ஊக்கு.

டெய்லரக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மகள் அந்த மேசைக்கு அடியில்தான் கிடப்பாள். விளையாடுகிறாள் என்றே அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அங்கேயே ஃபோனை எடுத்தாள்.

"மேசைக்கு அடியில என்னடி பண்ணிவச்சிருக்கே?"

"இன்னும் இருக்காம்மா?"

"செருப்புல குத்தின ஊக்குகூட இருக்கு."

"அப்பா போனப்புறம் நீ ரொம்ப நாள் யாரோடயும் பேசல. உன் முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கும். அதான் கீழ உட்கார்ந்து காலைப் பார்ப்பேன். கால் ஆடிக்கிட்டிருந்தா, சரி, அம்மா இருக்கான்னு நினைச்சுப்பேன்."

மூன்று ஆண்கள் முன்னால் அழுகிறோமே என்றுகூட டெய்லரக்காவுக்குத் தோன்றவில்லை. அவர்கள்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வரைந்து முடித்த தச்சர், திருப்பி மாட்டிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள். "மாட்டினா மறுபடியும் குப்புறத்தான் கிடக்கும். கொண்டுபோய் வாசல்ல நிறுத்துங்க. ஆனா ஒரு பூவையும் சுரண்டக் கூடாது."

பழைய வீட்டில் எல்லாம் பழையபடி இருந்தால்தானே மதிப்பு என்று மருந்துக்கடைக்காரர் இழுத்தார்.

"பொம்பளப் பிள்ளைங்க படிச்ச வீடுதானே அது? ஒரு பிள்ளை கிறுக்கினது இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

புதுக் கதவுக்கு வாங்கிய மரம் அவளுக்கு மேசைப் பலகை ஆயிற்று. கால்கள் பழைய கால்களே. உயரம் இம்மி மாறவில்லை.

வீட்டைத் திறந்த அன்று மகளும் வந்திருந்தாள். கூட்டத்தில் யாரோ ஒரு மனிதர் கதவுக்கு முன்னால் தன் பெண்குழந்தையை நிறுத்தி, அந்தக் காலத்தில் இங்கே இருந்த ராணியின் கால்கள் இவை என்று அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். மகள் திருத்த வாயெடுத்தாள். டெய்லரக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

குழந்தை குனிந்து உற்றுப் பார்த்தது. "ராணி செருப்பு ஏன்ப்பா பிஞ்சிருக்கு?"

அப்பாவும் குனிந்து பார்த்தார்.

"ராணிக்கு அப்போ நிறைய வேலை கண்ணு" என்றாள் டெய்லரக்கா.